மானிட்டரை ஆஃப் பண்ணுங்க, பாடத்தை ஆரம்பிக்கலாம்

பார்வையில்லாத ஒருத்தர் முதல் தடவையா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றார். நீங்கதான் சொல்லித்தரணும். எங்க ஆரம்பிப்பீங்க? நம்மள்ல பல பேர் மவுஸைத்தான் கையில கொடுப்போம். அம்புக்குறி எங்க நிக்குதுன்னு தெரியாதவருக்கு அதனால என்ன பிரயோஜனம்? அதை ஓரமா வெச்சிருங்க. இந்தப் பாடத்துக்கு கீபோர்டும் காதும் போதும்.

மதுரைப் பக்கம் பார்வையற்றோர் கல்விக்கு ஒரு வரலாறே இருக்கு. தானே பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ல இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கினார். அழகர்கோவில் ரோட்டுல, சுந்தரராஜன்பட்டியில இருக்கு. ஆனா மேலூர்ல இருந்து ஒருத்தர் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்கணும். தினமும் முடியுமா? அதனாலதான் வீட்டுலயே, தம்பியோ தோழியோ சொல்லித்தர்ற மாதிரி இருக்கணும்.

அதுக்கு வழி பண்ணினது என்விடிஏ. திரையில இருக்கிறதைக் குரலா வாசிக்கிற மென்பொருள். முன்னாடி இருந்த ஜாஸ் நல்லாத்தான் இருக்கும், விலைதான் தாங்காது. 2006ல ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்விடிஏவை எழுத ஆரம்பிச்சார். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாம்ல பழக்கமான ஜேம்ஸ் டே அப்புறம் சேர்ந்துக்கிட்டார். ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது. மென்பொருள் இலவசம். தமிழும் பேசும்.

முதல் நாள் எஃப், ஜே கீகள் மேல இருக்கிற சின்ன மேட்டை விரலால தேடச் சொல்லுங்க. ஆள்காட்டி விரல்களோட வீடு அது. அப்புறம் இன்சர்ட்டை அழுத்திக்கிட்டே 1. இப்ப எந்தக் கீயைத் தொட்டாலும் அதோட பேரை மட்டும் சொல்லும், வேற எதுவும் நடக்காது. ‘தப்பா அமுக்கி கெடுத்துருவேனோ’ங்கிற பயம் போறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஒரு மணி நேரம் இதுலயே விளையாடட்டும். முடிஞ்சதும் மறுபடி இன்சர்ட், 1. பேசிக்கிட்டே இருந்தா கண்ட்ரோல் கீ, வாயை மூடிக்கும். குரலோட வேகத்தை ஆரம்பத்துல நல்லா குறைச்சு வைங்க.

கஷ்டம் மாணவருக்கு இல்ல, நமக்குத்தான். ‘இங்க பாரு’, ‘அந்த நீல பட்டன்’னு வாய் தானா சொல்லிடும். மானிட்டரை ஆஃப் பண்ணிட்டா நீங்களும் காதாலதான் தேடணும். ‘டேப் மூணு தடவை, என்டர்’னு பேச்சு தானா மாறும்.

தமிழ் டைப்பிங்குக்கு தமிழ்99. உயிர் இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில. இதுல ஒரு அழகு: மேடு இருக்கிற அதே எஃப் கீதான் புள்ளி!

இதெல்லாம் எதுக்குன்னா, பேங்க் கணக்குல எவ்வளவு இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லவேண்டாம். ஓடிபியை யார்கிட்டயும் காட்டவேண்டாம்.

ஆனா நம்ம பக்கமும் வேலை இருக்கு. 2010ல தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு. இன்னும் பழைய எழுத்துருவுல வர்ற ஃபைலை என்விடிஏ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளா உளறும். போட்டோவா எடுத்துப் போட்ட சுற்றறிக்கையை அப்படியே வாசிக்கவும் முடியாது. வாட்ஸ்ஆப்ல அப்படி எதையாவது அனுப்பினா, கீழ ரெண்டு வரி டைப் பண்ணிடுங்க.