குதிவாதமும் தறியும்

நான் பார்வையிடச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், தவறாது சேலை கொணரும் அங்கத்தினர் ஒருவரின் சரக்கு வரவு மாதந்தோறும் குறைந்து வந்தது. சோம்பல் என்றே பலரும் கூறினர். விசாரித்ததில், பாவோடும் அவர் மனைவியாருக்குக் குதிகாலை ஊன்றவியலாத வலி எனத் தெரிந்தது. பாவின்றித் தறி எங்ஙனம் ஓடும்?

குதிவாதம் என வழங்கும் இவ்வலிக்குக் காரணம் பெரும்பாலும் வாயு அன்று. குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல் ஒரு தடித்த சவ்வு உள்ளங்காலைத் தாங்குகிறது. வெறுங்காலுடன் கடினத் தரையில் நெடுநேரம் நிற்பதாலும் நடப்பதாலும் அது குதியருகே நைந்துவிடுகிறது. இரவில் இறுகிக் கிடந்தது, காலையில் முதலடி வைக்கையில் இழுபடுகிறது. அப்பொழுதே வலி மிகுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தென்பட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. வலியே அறியாதார் பலருக்கும் அஃது உண்டு.

ஆகவே, படுக்கையினின்று எழுமுன், நோகும் காலை மறு தொடைமேல் வைத்து, விரல்களைக் கணைக்காலை நோக்கி வளைத்து, 10 எண்ணுமளவும் பிடித்து விடுக. இவ்வாறு 10 முறை. நாளொன்றுக்கு 3 வேளை. குதியில் மெத்தென்ற செருப்பு வீட்டினுள்ளும் தேவை. (வீட்டினுள் செருப்பா என்பர், அதற்கெனத் தனியே ஒன்று வைத்துக்கொள்ளலாமே!) பெரும்பாலோர் இதனாலேயே குணமடைவர், ஆயினும் சில மாதங்கள் செல்லும்.

சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையிட்டு மிதிக்கும் வழக்கத்தை நீரிழிவுள்ளோர் அறவே விடுக. உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடு தெரியாது. பின்னர்ப் புண்தான் தெரியும். கால் மரத்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாது டாக்டரிடம் காட்டுக.

அவ்வம்மையார் தேறும்வரை, சுற்றிய பாவாகவே வழங்கச் சங்கத்தார் இசைந்தனர்.