காலுக்கேற்ற காலணி

1960ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அதில் மாரத்தான் ஓட்டத்திற்கு வந்த எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் நின்றார். அவருக்குக் கிடைத்த புதிய காலணிகள் காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பழகியிருந்த அவர், காலைக் கடிக்கும் காலணியை ஒதுக்கிவிட்டார். 42 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த தொலைவை 2 மணி 15 நிமிடம் 16 நொடிகளில் கடந்து தங்கப் பதக்கம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடினார், அங்கும் வென்றார்.

இதைக் கேட்டு அனைவரும் காலணியைக் கழற்றிவிட வேண்டியதில்லை. நகரத்தின் சூடான தார்ச்சாலையைப் பழகாத பாதம் தாங்காது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. ஓட்டக் காலணியின் அடியிலுள்ள மெத்தென்ற நுரைப்பகுதி அந்த அதிர்ச்சியைக் குறைக்கிறது. பள்ளிக்கு அணியும் வெள்ளைக் கேன்வாஸ் காலணி உடற்பயிற்சி வகுப்பிற்குப் போதும். நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுவதற்கு அதன் அடிப்பகுதி மெல்லியது.

கடைக்கு மாலையில் செல்வது நல்லது. பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சிறிது பருத்திருக்கும். ஓடும்போதும் அவ்வாறே பருக்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து, இரு கால்களிலும் காலணியை மாட்டி, எழுந்து நின்று பார்க்க வேண்டும். பலருக்கு இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கு ஏற்றதையே வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருத்தல் வேண்டும். இடம் இல்லையெனில் விரல் நுனி இடித்து நகம் கறுத்துவிடும். குதிகால் வழுக்கினால் கொப்புளம் உண்டாகும். பின்னர் கடைக்குள்ளேயே சிறிது தூரம் ஓடிப் பார்க்கலாம். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பலாகாது. பிரித்தானிய முறையில் 5 என்பது ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 38 ஆகும். மேலும், இந்த முறைகள் இந்தியரின் பாதங்களை அளந்து வகுக்கப்பட்டவை அல்ல. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியரின் பாதங்களைவிட இந்தியரின் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரியவந்தது. ஆகவே, நீளம் சரியாக இருந்தும் பக்கங்களில் இறுக்கினால், குறை காலில் இல்லை. அந்தக் காலணியை வைத்துவிட்டு அகலமான வேறொன்றைக் கேட்க வேண்டும்.

அண்ணனின் சட்டை தம்பிக்கு உதவும். ஆனால் அண்ணன் ஓடித் தேய்த்த காலணி, அவன் கால் மிதித்த விதமாகவே தேய்ந்திருக்கும். அதன் நுரைப்பகுதியும் அமுங்கிப் போயிருக்கும். விலை குறைந்ததாயினும் தம்பிக்குப் பொருந்தும் புதிய காலணியே ஓட்டத்திற்கு ஏற்றது.

வளரும் பிள்ளைகளின் பாதம் சில மாதங்களிலேயே நீண்டுவிடும். சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடிட்டு அளவுகோலால் அளக்கலாம். அந்தத் தாளில் தேதியை எழுதி வைத்தால், அடுத்த முறை அளக்கும்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது தெரியும்.