பங்குக் கோயில்கள் – 5: மக்கள் எழுப்பிய மரத்தடுப்பு

சென்ற வாரம் வாசல் மண்டபத்தையும் ஞானஸ்நானத் தொட்டியையும் பார்த்துவிட்டு நடுக்கூடத்தில் வந்து நின்றோம். 1500ஆம் ஆண்டளவில் அங்கிருந்து கிழக்கே பார்த்தவருக்கு, இங்கிலாந்தின் பெரும்பாலான பங்குக் கோயில்களில், பீடம் முழுதாகக் கண்ணில் பட்டிருக்காது. நடுக்கூடமும் பீடப்பகுதியும் சேரும் இடத்தில், சுவருக்குச் சுவர், ஓக் மரத்தால் ஒரு தடுப்பு நின்றது. கீழே நெஞ்சு உயரத்துக்கு அடைத்த பலகைகள். அவற்றில் புனிதர்களின் ஓவியங்கள். அதற்கு மேல் சாளரம் போலச் செதுக்கிய திறந்த வேலைப்பாடு. நடுவில் கதவு. தடுப்பின் தலையில், ஆட்கள் ஏறி நடமாடும் அளவுக்கு அகலமான ஒரு பரண். அதற்கும் மேலே, மக்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், பாடுபட்ட சுரூபம். இருபுறமும் மாதாவும் அருளப்பரும். இந்தச் சுரூபத்தை ஆங்கிலேயர் ‘ரூட்’ என்றார்கள். தடுப்புக்கு ‘ரூட் ஸ்கிரீன்’ என்று பெயர்.

குருக்களிடமிருந்து மக்களைப் பிரித்து வைக்கப் போட்ட வேலி இது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூசை லத்தீனில் நடந்தது. பெரும்பாலோருக்கு அதன் சொற்கள் புரியவில்லை. ஆனால் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும், குரு உயர்த்தும் அப்பத்தைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று மக்கள் தவித்தார்கள். அந்தக் கணத்துக்காகவே தடுப்பின் மேற்பாதி திறந்திருந்தது. மண்டியிட்டிருப்பவருக்கு அடைத்த பலகை மறைக்குமே? சில ஊர்களில் அந்தப் பலகையிலேயே, மண்டியிட்டவரின் கண்மட்டத்தில், சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். வேலி என்று நினைத்தவர்கள் அதில் துளை போட்டுக்கொண்டு பார்க்கமாட்டார்கள். தவிர, தடுப்பின் இந்தப் பக்கமும் பீடங்கள் இருந்தன. கதவுக்கு வலமும் இடமும், தடுப்பையே முதுகாக வைத்துக் கட்டிய சிறு பீடங்களில் கிழமை நாட்களின் பூசைகள் நடந்தன. கைக்கெட்டும் தூரத்தில் நின்று மக்கள் அவற்றைப் பார்த்தார்கள்.

யார் பணத்தில் இது எழுந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பீடப்பகுதியின் பராமரிப்பு, பங்கின் தசமபாக வருமானத்தை வாங்கும் குருவுக்கோ மடத்துக்கோ உரிய கடமை. நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. தடுப்பும் பொதுவாக அவர்கள் கணக்கில்தான் வந்தது. உயில் எழுதும்போது ஒருவர் ஒரு பலகைக்கு வர்ணம் பூசக் கொடுப்பார், இன்னொருவர் பொன்தகடு ஒட்டக் கொடுப்பார். ஊரே பியர் காய்ச்சி, விருந்து வைத்து விற்றுப் பணம் சேர்ப்பதும் உண்டு. நார்ஃபோக் மாவட்டத்தின் லட்ஹம் ஊர்க்கோயிலில் இந்தக் கணக்கு மரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜான் சால்மன், அவர் மனைவி செசிலி இருவரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கும் அந்த வாசகம், அவர்கள் 14 பவுண்டு கொடுத்ததையும், ஆண்டு 1493 என்பதையும் சொல்கிறது. மற்ற உபகாரிகளையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறது. அன்று கைதேர்ந்த ஒரு கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி சுமார் 6 பென்ஸ். அந்தக் கணக்கில் 14 பவுண்டு என்பது 560 நாள் கூலி.

அந்தப் பணத்தில் லட்ஹம் மக்கள் யாரை வரையச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மொத்தம் பன்னிரண்டு பலகைகள். அம்புரோசியார், அகுஸ்தினார் உள்ளிட்ட திருச்சபையின் நான்கு பெரும் மறைவல்லுநர்கள் இருக்கிறார்கள். மகதலா மரியா இருக்கிறாள். கூடவே, பிடுங்கிய பல்லைக் குறட்டில் பிடித்தபடி பல்வலிக்காரர்களின் துணையான அப்பொலோனியா நிற்கிறாள். கையில் அரிவாளோடு வால்ஸ்டன் நிற்கிறார். அரச குடும்பத்தில் பிறந்தும் வயலில் கூலிக்கு அறுத்தவர் என்று நார்ஃபோக் விவசாயிகள் கொண்டாடிய உள்ளூர்ப் புனிதர் அவர். நாரிச் நகரை அடுத்த பாபர்க் அவர் அடக்கமான இடம். இன்னொரு பலகையில் ஆறாம் ஹென்றி. 1471இல் லண்டன் கோட்டைச் சிறையில் மாண்ட இந்த அரசருக்கு ரோமாபுரி புனிதர் பட்டம் கொடுக்கவே இல்லை. மக்கள் காத்திருக்கவில்லை; தாங்களே அவரைப் புனிதர் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அறுவடைக் கூலியாள், பல்வலி, கொலையுண்டதாகப் பேசப்பட்ட அரசர்: ஓர் ஊரின் கவலைகளும் பாசங்களும் பீடத்துக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கின்றன.

சில மைல் தொலைவில் ரான்வொர்த். அங்குள்ள புனித ஹெலன் கோயிலின் தடுப்பைத்தான் கலை வரலாற்று நூல்கள் முதலில் குறிப்பிடும். ஓவியத் தரத்தில் அது லட்ஹமைவிட மேலானது என்பதில் சந்தேகமில்லை. நடுவில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், பூவேலை செய்த பட்டு அணிந்து நிற்கிறார்கள். பக்கவாட்டில் நீளும் சிறகுப் பலகைகளில் ஜார்ஜும், இறகு போர்த்திய மேனியோடு மிக்கேல் சம்மனசும் ஆளுக்கொரு பறவைநாகத்தை வெட்டுகிறார்கள். தடுப்போடு ஒட்டிய இரு பக்கப் பீடங்களின் அமைப்பும் இன்றுவரை தெளிவாகத் தெரிவது இங்கிலாந்தில் அபூர்வம். தெற்குப் பீடத்தின் பின்பலகைகளில் பெண்கள் மட்டுமே: குழந்தை இயேசுவோடு மாதா, தம் பிள்ளைகளோடு மற்ற இரு மரியாள்கள், பிரசவ காலத்தில் பெண்கள் கூப்பிடும் மார்கரீத்தாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் போல ஆனபின் முதன்முதலாகக் கோயிலுக்கு வரும் தாய், மெழுகுதிரியோடு இந்தப் பக்கம் வந்து நின்றிருப்பாள் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறுவதற்குச் சுவருக்குள்ளேயே குடைந்த, ஒரே ஆள் நுழையக்கூடிய படிக்கட்டு. மேலே பாடகர்கள் நின்றார்கள். வசதியான ஊர்களில் சிறு ஆர்கனும் இருந்தது. உழவர் சங்கம், இளைஞர் குழு, கன்னிப்பெண்கள் குழு என்று ஒவ்வொரு கூட்டமும் தன் பங்காக ஒரு திரியை அங்கே எரியவிட்டது. தபசு காலம் முழுவதும் சுரூபத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலம் கோயிலுக்குள் திரும்பி, பாடுபட்ட சுரூபத்தின் முன் வந்து நின்றதும் அந்தத் துணி விலகும், எல்லோரும் முழந்தாளிடுவார்கள்.

இவை அனைத்தும் ஒரே தலைமுறையில் போயின. 1547இல் எட்டாம் ஹென்றி இறந்து, சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறினான். மறு ஆண்டே சுரூபங்கள் எல்லாவற்றையும் அகற்ற உத்தரவு வந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். 1553இல் மேரி அரசி வந்ததும் எல்லாம் திரும்ப வேண்டும் என்றார்கள். டெவன் மாவட்டத்தின் மோர்பாத் என்ற சிற்றூரில் 1520 முதல் 1574 வரை பங்குக்குருவாக இருந்த கிறிஸ்டஃபர் டிரிக்கே எழுதி வைத்த கணக்குகள் நம்மிடம் உள்ளன. வீடுகளில் பதுக்கி வைத்திருந்த உருவங்களையும் பலகைகளையும் ஊரார் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்ததை அவர் பெயர் பெயராகக் குறித்திருக்கிறார். அரச ஆணைக்கு எதிராகப் பேச வலுவில்லாத குடியானவர்கள், செதுக்கிய மரத்தை வீட்டுக்குள் மறைத்துக் காத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

லட்ஹமில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை போலும். அவசரமாகப் பலகைகளைச் சேர்த்து, தடுப்புக்கு மேலே பீடப்பகுதியின் வாயிலாக நிற்கும் வளைவின் மேற்பாதியை அடைத்து, சுரூபத்துக்குப் பதிலாகச் சிலுவைக் காட்சியை வர்ணத்தில் தீட்டினார்கள். மேரியின் காலத்து வேலை என்று ஆய்வாளர்கள் கருதும் அந்த ஓவியம் நேர்த்தியற்றது. கைக்குக் கிடைத்த எவரையோ பிடித்து வரையச் சொன்ன அவசரம் அதில் தெரிகிறது. 1558இல் மேரி இறந்தார். அடுத்து அரசியான எலிசபெத்தின் அரச முத்திரை தீட்டிய துணி அதே வளைவில் ஏறியது. இரண்டும் தப்பிப் பிழைத்து, இன்று முதுகோடு முதுகாக அதே இடத்தில் இருக்கின்றன: மக்கள் பக்கம் சிலுவை, பீடத்தின் பக்கம் அரசியின் சின்னம்.

1561இல் எலிசபெத் அரசாங்கம் பிறப்பித்த ஆணை பரண்களை இறக்கச் சொன்னது. அதே சமயம் நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதனால்தான் கீழ்ப்பலகைகள் இவ்வளவு மிஞ்சின. பரண் போய், சுவருக்குள் இருந்த படிக்கட்டு மட்டும் தங்கிவிட்டது. எத்தனையோ கோயில்களில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில், வெட்டவெளியில் திறக்கும் ஒரு குட்டி வாசலைக் காணலாம். அங்கே ஒரு பரண் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு சாட்சி சஃபோக் மாவட்டத்தின் வென்ஹாஸ்டனில் இருக்கிறது. 1892இல் அங்கே புதுப்பிப்பு வேலை நடந்தபோது, வளைவை அடைத்திருந்த வெள்ளைப் பலகைகளைப் பயனற்றவை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, அடியிலிருந்து பொதுத்தீர்வை ஓவியம் வெளிப்பட்டது. வானவில்லின் மேல் கிறிஸ்து, தராசு பிடித்த மிக்கேல், நரகத்தின் மீன்வாய், உடையில்லாமல் கிரீடமும் தலைப்பாகையும் மட்டும் அணிந்து மோட்ச வாசலில் நிற்கும் அரசரும் ஆயரும். அந்த ஓவியத்தின் நடுவே மூன்று வெற்றிடங்கள், ஒன்று சிலுவை வடிவில், இரண்டு ஆள் வடிவில். அங்கே மரச் சுரூபங்கள் நின்றதால் ஓவியர் அந்த இடங்களைத் தீட்டாமல் விட்டிருக்கிறார். பலகையின் அடியில் பின்னாளில் எழுதிய ஒரு வசனமும் தெரிகிறது. மேலான அதிகாரங்களுக்கு எல்லோரும் கீழ்ப்படிய வேண்டும் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியது.

அடுத்த வாரம் தடுப்பின் கதவைத் திறந்து பீடப்பகுதிக்குள் போவோம்: சுவரில் குடைந்த குருக்களின் இருக்கைகள், பாத்திரம் கழுவும் கல்தொட்டி, பெரிய வெள்ளிக்கிழமைக்கான கல்லறை மாடம்.