அரைமண்டிக்கு ஒரு கேஜ்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)

வொர்க்‌ஷாப்பில் 'கோ – நோ கோ' பிளக் கேஜ் பிடிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. 20 மி.மீ. துளைக்குச் செய்த கேஜை 25 மி.மீ. துளையில் விட்டால் 'நோ கோ' முனையும் லொடக்கென்று உள்ளே போய்விடும். உடனே 'ரிஜெக்ட்' என்று சாக்பீஸால் எழுதிவிடலாம். டிராயிங்கில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

நடனத்தில் இந்தக் கூத்து தினமும் நடக்கிறது. சலங்கை கட்டி யார் ஆடினாலும் 'இதெல்லாம் ஒரு பரதமா?' என்று ஒரு குரல் வந்துவிடும். போன வருடம் ஒரு கல்லூரியில் நடந்த கலைவிழாவில் நம் மாணவிகள் ஐந்து பேர் தலையில் கரகம் வைத்து, ஒரு சினிமாப் பாட்டுக்கு, பரத அடவுகள் கொஞ்சம் கலந்து ஆடினார்கள். நடுவர் மைக்கில் சொன்ன காரணங்கள் இரண்டு: அரைமண்டி இல்லை, கழுத்து அசைவு இல்லை. மார்க் நூற்றுக்கு முப்பத்தெட்டு. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கிற பொண்ணு ஒருத்தி, இந்த வருடம் பெயர் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அரைமண்டியைப் பார்த்துவிடுவோம். குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை இரு பக்கமும் திருப்பி, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, முதுகு நேராக இருக்கப் பாதி உட்கார்வது. சொல்ல எளிது. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கும். உடம்பின் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கிவிடுவதால் தரையை ஓங்கித் தட்ட முடிகிறது. திருப்பம் பாதத்தில் ஆரம்பிக்கக் கூடாது, இடுப்பு மூட்டில் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலில் முறுக்கு விழும், அதாவது நாம் படிக்கிற டார்ஷன்! ஐரோப்பிய பாலேவிலும் இதே இடுப்புத் திருப்பம் உண்டு. ஆனால் அவர்கள் அதை வைத்து மேலே எழும்புகிறார்கள், நாம் கீழே இறங்குகிறோம்.

இந்த அளவுகோலோடு சினிமாவுக்குப் போனால் என்ன ஆகும்? 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலா பாரதியார் பாட்டுகளுக்கு ஆடினார். அவருடைய குரு வழுவூர் ராமையா பிள்ளை, பரம்பரை நட்டுவனார். 1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனம் இன்றைக்கும் டி.வி.யில் வந்தால் வீடே உட்கார்ந்து பார்க்கும். நடுவில் வீரப்பா சொல்லும் வசனத்தை நான் இங்கே எழுத வேண்டியதே இல்லை. இரண்டு பேருமே முறையாகக் கற்றவர்கள். ஆனாலும் சுத்த பரதக்காரர் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். பல பாணிகளைக் கலந்திருக்கிறது, அலாரிப்பு முதல் தில்லானா வரை போகும் வரிசை இல்லை. மேடையில் ஒரு வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். சினிமாவில் எல்லாமே சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும்.

சரி, அந்தக் காட்சிக்கு வேலை என்ன? ஒருத்தி போடும் அடிக்கு மற்றவள் பதில் அடி போட வேண்டும், அதிலே பொறாமை தெரிய வேண்டும். அது பிசிறில்லாமல் நடக்கிறது. சபாவில் எட்டாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரியாத கண் அசைவை கேமரா பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறது. 1968-ன் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் பத்மினியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே கேமரா ஷாட்டை வெட்டி வெட்டிக் காட்டும்போது தாளக் கணக்கு சிதறிவிடுகிறது என்பதும் உண்மைதான்.

இதே வழக்கு பனிக்கட்டி மேலும் நடக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் பனிச்சறுக்கு நடனத்தைச் சொல்கிறேன். (நம்ம ஊர் வெயிலில் ஐஸ் என்றால் கரும்பு ஜூஸில் போடுவது மட்டும்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஜான் கரி என்ற ஆங்கிலேயருக்குச் சின்ன வயதில் பாலே கற்க ஆசை. அப்பா மறுத்துவிட்டார், ஸ்கேட்டிங்குக்குச் சம்மதித்தார். அந்த ஆசையைப் பனியில் தீர்த்துக்கொண்டு 1976 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். 1994-ல் உக்ரைனின் ஒக்சானா பாயுல் 'ஸ்வான் லேக்' பாலே இசைக்கு ஆடி, அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். பாலேக்காரர்களில் முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஏன் சுளிக்கிறார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பாலேயில் பாதம் அம்பு மாதிரி நீள வேண்டும். ஸ்கேட்டரின் பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருக்கும், பாதம் மடங்காது. அடியில் இருக்கும் பிளேடின் அகலம் சுமார் 4 மி.மீ. அதன் நடுவில் பள்ளம் விட்டுச் சாணை பிடிப்பதால் இரண்டு விளிம்புகள். பெரும்பாலும் அதில் ஏதாவது ஒரு விளிம்பில்தான் உடம்பு முழுக்க நிற்கும். பாலேக்காரர் சுழலும்போது தலையை ஒரே புள்ளியில் நிறுத்தி, கடைசியில் சட்டென்று திருப்புவார். ஸ்கேட்டர் கைகளை உள்ளே இழுத்ததும் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா குறைந்து வேகம் எகிறிவிடும்; அந்த வேகத்தில் தலையைத் தனியாகத் திருப்ப நேரமே இல்லை. தாவி இறங்குவதும் பின்பக்கமாக, ஒற்றைக் காலில். ஆக பாலே கேஜை வைத்தால் பாதம் ரிஜெக்ட், சுழற்சி ரிஜெக்ட், இறக்கம் ரிஜெக்ட்.

ஆனால் ஒரு காலைப் பின்னால் தூக்கிய நிலையில் அப்படியே பாதி மைதானத்தை வழுக்கிக் கடப்பது பாலேக்காரரால் ஆகாத காரியம். இன்னொன்றையும் கவனியுங்கள். பூட்ஸ் கணுக்காலைத்தான் கட்டுகிறது. கையை, கழுத்தை, முதுகை யாரும் கட்டவில்லையே! அங்கே விறைப்பாக, விரல்கள் தொங்கினால் பிளேடு மேல் பழி போட முடியாது. ஜான் கரிக்குப் பெயர் கிடைத்தது இந்த மேல் உடம்பாலும்தான்.

என் கணக்கு இவ்வளவுதான். ஊடகம் எதைத் தடுக்கிறதோ அதை மன்னித்துவிட வேண்டும். தடுக்காததைக் கறாராகக் கேட்க வேண்டும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் ஜோடி 'தேவதாஸ்' முதலான இந்திப் படப் பாட்டுகளுக்குப் பனியில் ஆடினார்கள். பிளேடு மாட்டிக்கொண்டு தட்டடவு போட முடியாது, அதைக் கேட்பது நியாயமில்லை. முத்திரையும் பார்வையும் கேட்கலாம், அவர்களும் அதற்காக இந்திய நடன ஆசிரியையிடம் பாடம் கேட்டுக்கொண்டுதான் போனார்கள். அந்த ஜோடி அப்போது வெள்ளி வாங்கியது.

'அசல் அளவு கெட்டுப்போய்விடுமே' என்று கேட்பீர்கள். அந்த அசல் அளவுக்கும் வயது அதிகம் இல்லை. இன்றைய கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் 19-ம் நூற்றாண்டுத் தஞ்சை நால்வர். சதிர் என்று அழைத்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் நிலைத்தது 1930-களில். ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி ஒரு அழகைக் கொடுத்தார். பாலசரஸ்வதி அதற்கு மாறான கருத்தோடு தன் பரம்பரை வழியில் ஆடினார். இதில் எது கேஜ்?

கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டம்தானே, போய்ப் பாருங்கள். ராஜேந்திர சோழன் காலத்துச் சுவரில் நடராஜர் ஆடுகிறார், காலடியில் காரைக்கால் அம்மையார். ஆயிரம் வருடமாக அந்தக் கல் ஒரு தாளமும் போடவில்லை. யாராவது குறை சொன்னார்களா? கல்லுக்குத் தாளம் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடுப்பின் வளைவில் சிற்பி கொஞ்சம் பிசகியிருந்தால் சும்மா விட்டிருப்போமா?

இப்போது நம்ம பொண்ணுங்க விஷயம். கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் நிறுத்துகிறவள் கழுத்தை எப்படி அசைப்பாள்? அசைத்தால் குடம் கீழே. அந்த மார்க்கை வெட்டியது தப்பு. இரண்டாவது சரணத்தில் மூன்று பேர் தாளத்தை விட்டார்கள், நானே பார்த்தேன். அதற்கு வெட்டியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டோம். மாணவி ஒருத்தி பரதம் என்று பெயர் கொடுத்துவிட்டு அரைமண்டி உட்காராமல் ஆடினால் அதற்கும் வெட்டட்டும், தாராளமாக.

உலக ஸ்கேட்டிங் சங்கத்தின் மார்க் தாளில் பாலே என்று ஒரு கட்டமே கிடையாது. 2002 ஒலிம்பிக் நடுவர் ஊழலுக்குப் பிறகு பழைய 6.0 மார்க் முறையைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி மதிப்பு வைத்தார்கள். நம் பேரவையால் அவ்வளவு முடியாது. ஆனால் பெயர் பதிவு செய்யும் தாளில் 'என்ன வகை நடனம், எதோடு எது கலந்தது' என்று ஒரு வரி கேட்கலாம். அந்த வரியை நிகழ்ச்சி தொடங்கும் முன் நடுவர் கையில் கொடுக்கலாம். மார்க் எதற்குக் குறைந்தது என்று எழுதி வாங்கவும் ஒரு கட்டம் போடலாம். செயலாளரிடம் மாதிரித் தாள் ஒன்று கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸ் செலவு கைக்காசுதான்.