சென்டர் மீடியனில் அரளி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நான்குவழிச் சாலையில், விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு இரு பக்கமும், சென்டர் மீடியன் நெடுக அரளி நிற்கிறது. வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு. சித்திரையில் சாலையோரப் புல்லெல்லாம் கருகிப்போன பிறகும் இதன் இலை பச்சை மாறாது, பூவும் நிற்காது.

அந்தத் திறம் இலைக்குள் இருக்கிறது. அரளி இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகள் உண்டு. செடி மூச்சுவிடும் துளைகள் அந்தக் குழிகளுக்குள்ளே ஒளிந்திருக்கும். குழியின் வாயை மெல்லிய மயிர்கள் அடைத்திருக்கும். வெளியே அனல் அடித்தாலும் உள்ளே ஈரக்காற்று தங்கிவிடுவதால் தண்ணீர் ஆவியாவது குறைகிறது. மத்தியதரைக் கடலோரத்தில், கோடையில் வறண்டுவிடும் ஆற்றுப்படுகைகளில் தழைக்கும் செடி இது. 1753இல் லின்னேயஸ் இதற்கு நீரியம் ஒலியாண்டர் என்று பெயரிட்டார். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் மறைக்கும் உயரமும் அடர்த்தியும் இதற்கு உண்டு.

ஆனாலும் ஆடு மாடு திரியும் சாலையில் இது பிழைத்து நிற்பதற்குக் காரணம் நஞ்சுதான். வேர், இலை, பூ, பால் எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டு. இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அவை முடக்குகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. அதே இலையைத் தின்றே வளரும் புழுவும் உண்டு! கரும்பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்புள்ளி வரிசை கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் வெள்ளிக் குண்டலம்போல் மின்னும். வண்டியை ஓரங்கட்டி ஒருமுறையாவது பார்க்கவேண்டிய காட்சி.

வீட்டு வாசலில் புனல்போல் பூக்கும் மஞ்சள் அரளி வேறு இனம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. அதன் விதையும் இதயத்தையே தாக்கும். இரண்டில் எதையும் குழந்தைகள் வாயில் வைக்க விடக்கூடாது.

சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி பயிராகவே விளைகிறது, சாமிக்கு மாலையாகிறது. மாலையாக இருக்கட்டும், பிரசாதத் தட்டில் வேண்டாம் என்பேன். கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் 2024 மே மாதம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்திவிட்டன.

மீடியனில் கவாத்து செய்யும்போது வெட்டிய கிளைகளை ஆடு மேயும் இடத்தில் போட்டுவிடக் கூடாது. காய்ந்த இலையில் கசப்பு குறைவதால் ஆடு தின்றுவிடும். நஞ்சு அப்படியே இருக்கும்.