எரிந்த குடிசையும் எரியாத கூரையும்

சித்திரையில் அக்கினி நக்ஷத்திரம் தொடங்கிவிட்டால் கடலூர் ஜில்லாவில் குடிசைவாசிகளின் நெஞ்சில் ஓர் அச்சம் குடிபுகுகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் கூரை என்றால் தென்னங்கீற்று, இல்லையேல் வைக்கோல். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கங்களில் கரும்புத் தோகை. கடலோரக் குப்பங்களில் கீற்றும் பனையோலையும். யாவும் வெயிலில் சருகாய் உலர்ந்து நிற்கின்றன. அடுப்பிலிருந்து ஒரு பொறியோ, பழுதான மின்கம்பியிலிருந்து ஒரு கசிவோ போதும்; காற்றும் துணை சேர்ந்துகொண்டால், ஒரு வீட்டில் பற்றிய தீ தெருவையே தின்றுவிட்டுத்தான் ஓயும். கூரையோடு கூரை உராயும் சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையவும் வழியிராது.

பிறகு நடப்பது என்ன? மறுநாள் அரிசி வருகிறது. வேஷ்டி சேலை வருகிறது. பெரிய மனிதர்கள் வந்து ஆறுதல் கூறிப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் போய்விடுகிறார்கள். நான்காம் நாள் அக்குடும்பத் தலைவன் வட்டிக்குக் கடன் வாங்கி மூங்கிலும் கீற்றும் வாங்குகிறான். எரிந்த இடத்திலேயே, எரிந்த விதமாகவே, மறுபடியும் ஒரு குடிசை எழும்புகிறது. அடுத்த கோடைக்கான விறகை அவனே அடுக்கி வைத்தவனாகிறான். இதற்குச் சீரமைப்பு என்று பெயரிடுவது தகுமா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

சர்க்கார் உதவவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த உதவியின் அளவைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2022–23 முதல் 2025–26 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதிகளில் தீயும் ஒரு பேரிடரே. அவ்விதிகளின்படி, சமவெளியில் ஒரு வீடு முழுதும் அழிந்தால் ரூ. 1,20,000, அழிந்தது குடிசையாயின் ரூ. 8,000. துணிமணிக்கு ரூ. 2,500, பாத்திரம் பண்டங்களுக்கு ரூ. 2,500. தமிழ்நாட்டில் குடிசைக்கான தொகை ரூ. 5,000-லிருந்து ரூ. 8,000 ஆக உயர்ந்ததே 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பின்னர்தான். எளிதில் எரியும் வீட்டில் இருப்பவனுக்குச் சிறுதொகை; எளிதில் எரியாத வீட்டில் இருப்பவனுக்குப் பெருந்தொகை! ரூ. 8,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கூரை போட முடியாது. கீற்றுக்குத்தான் அது காணும். ஆகவே ஏழையை மறுபடியும் கீற்றின் கீழ்த் தள்ளுவது அவன் அறியாமை அன்று. விதியின் கணக்கே தள்ளுகிறது.

கீற்றுக் கூரையின் கொடுமையை இந்நாடு அறியாததன்று. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து விழுந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாதென்று சர்க்கார் உத்தரவிட்டது. நன்று. ஆனால் பகலில் படிக்கும் இடத்துக்கு ஆகாத கூரை, அதே குழந்தை இரவில் உறங்கும் இடத்துக்கு மட்டும் ஆகுமோ?

தீ அணைந்த வீட்டில் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. சாம்பலை வாரிக் கொட்டுமுன், கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து நஷ்டத்தை எழுதவேண்டும். தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் போலீஸில் பதிவான தகவலும் கைக்கு வரவேண்டும். மண்சுவர் பெரும்பாலும் தீக்குத் தாங்கி நிற்கும். தீயணைக்கக் கொட்டிய தண்ணீரில் ஊறிய சுவர்தான் ஆபத்தானது. அது நன்கு உலர்ந்து, தூக்குக்குண்டுக்கு நேராக நின்றாலன்றி அதன்மேல் பாரம் ஏற்றலாகாது. மேலே கரிந்த உத்திரம் உள்ளே உறுதியாக இருக்கலாம்; செதுக்கிப் பார்த்தே தள்ளவேண்டும். எரிந்த காகிதங்களுக்கும் மாற்று உண்டு. குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு மறுபிரதி பெறலாம். பட்டாவின் நகல் கணினியில் இருக்கிறது.

ஆனால் இல்லாத பட்டாவுக்கு நகல் ஏது? இவ்விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வாய்க்கால் கரையிலும், ரஸ்தா ஓரத்திலும், புறம்போக்கிலும் குடியிருப்பவன், பணம் கிடைத்தாலும் கல்வீடு கட்டத் துணியான். நாளை எழுந்து போ என்றால் கீற்றைச் சுருட்டிக்கொண்டு போகலாம். சுவரைச் சுமந்துகொண்டு போகலாமா? நிலையற்ற மனை நிலையற்ற கூரையைத்தான் தாங்கும். விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்க 1971-ஆம் வருஷத்திலேயே குடியிருப்புச் சட்டம் பிறந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் மனையற்றோர் வரிசை தீர்ந்தபாடில்லை.

திட்டங்களுக்கும் குறைவில்லை. 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் கான்கிரீட் வீடுகளாக்குவோம் என்று 2010-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. 2011-இல் ஆட்சி மாறவே திட்டமும் மாறிற்று. அதே வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூரைச் சூறையாடியபின், குடிசைகளுக்கு மாற்றாகக் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லத் திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீடொன்றுக்கு ரூ. 3.5 லட்சம் என்றது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட். எஞ்சியதற்கும் தீப்பற்றாத கூரையே வேண்டும் என்றும் விதித்தது. மெச்சத் தகுந்த நிபந்தனை. எனினும் அதுவும் சொந்த மனையோ பட்டாவோ உடையவர்க்கே. யாருடைய குடிசை அதிகம் எரிகிறதோ, அவன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான்.

ஆகையால் நாம் வற்புறுத்துவது மூன்று. தீயில் வீடிழந்த குடும்பத்துக்கு, நிவாரணத் தொகையுடன் மனைப்பட்டாவும் வழங்கப்படவேண்டும். அவ்விடம் ஆகாதாயின் அருகில் வேறு மனை தரப்படவேண்டும். எந்த வீட்டுத் திட்டமாயினும் அதன் வரிசையில் எரிந்த வீட்டுக்காரனே முதலில் நிற்கவேண்டும். கல்வீடு எழும்பும் வரையில் கீற்றைத் தவிர்க்க முடியாதெனில், ரூர்க்கி மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் கண்ட முறையில், தீயும் நீரும் எளிதில் புகாத மண்பூச்சைக் கூரைமேல் பூச ஏற்பாடு செய்யவேண்டும். குடிசைக்கும் குடிசைக்கும் இடைவெளியும் விடவேண்டும்.

தேச ஊழியம் செய்ய முன்வரும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருநாள் சோறு போடுவது புண்ணியமே. அதோடு நில்லாமல், எரிந்த தெருவுக்கு ஒருவராக ஒரு மாதம் உடனிருந்து, மனு எழுதி, தாலுகா கச்சேரியின் படியேறி, பட்டா கையில் வரும்வரை விடாது நிற்பீர்களாக. கடலூரிலும் சிதம்பரத்திலும் எரிந்த வீட்டுக்காரன் கேட்பது அனுதாபம் அன்று. தன் பெயரில் ஒரு பிடி மண்ணும், அதன்மேல் எரியாத ஒரு கூரையுமே. இவ்விரண்டையும் அவனுக்குத் தர இயலாத சுயராஜ்யம் முழுச் சுயராஜ்யம் ஆகாது.