காரநீர் ஏரியும் நுண்ணுயிர் வாழ்வும்

சேறு என்றதும் முகம் சுளிப்பது நம் இயல்பு. ஆயினும், சில ஏரிகளின் அடிச்சேற்றில் கண்ணுக்குப் புலனாகாத பேருலகம் ஒன்று இயங்குகிறது. மராட்டிய மாநிலம் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோணார் ஏரியைச் சான்றாகக் கொண்டு அதனைக் காண்போம்.

தக்காணத்தின் எரிமலைப் பாறைமீது விண்கல் மோதியதால் உண்டான இப்பள்ளம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுடையது. மழைநீரும் ஊற்றுநீரும் இதனுள் வந்து சேரும், வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக ஆவியாக, சோடியம் கார்பனேட் முதலிய உப்புகள் செறிகின்றன. தூய நீரின் பி.எச். அளவு 7; இங்கோ 10ஐ ஒட்டிய அளவுகள் பதிவாகியுள்ளன.

இத்தகைய நீரிலும் ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி வளர்வது கண்டறியப்பட்டுள்ளது. மடிந்த பாசி உயிர்வளியற்ற அடிச்சேற்றில் படிகிறது. அங்கே நுண்ணுயிர்கள் முறைவைத்துப் பணியாற்றுகின்றன. ஒரு கூட்டம் பெரிய மூலக்கூறுகளை உடைத்து நொதிக்கச் செய்கிறது. மற்றொன்று, எஞ்சியவற்றைச் சல்ஃபேட்டின் துணையால் சிதைத்துச் சல்ஃபைடை வெளிவிடுகிறது. பிறிதொன்று மீத்தேனை உண்டாக்க, மேலடுக்கில் வாழும் வேறோர் இனம் அம்மீத்தேனையே உணவாகக் கொள்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் விந்தை இது!

கடுங்காரத்தில் இவை சிதையாதிருப்பது எங்ஙனம்? செல்சவ்விலுள்ள புரதங்கள் சோடியத்தை வெளியே தள்ளி, ஹைட்ரஜன் அயனியை உள்வாங்கி, உட்புறக் காரத்தைத் தணிக்கின்றன. காரம் விரும்பும் பாசில்லஸ் இனங்களின் நொதிகள் இன்று சலவைத்தூளில் கறை நீக்கப் பயன்படுகின்றன.

சிதையாமல் எஞ்சும் கரிமப் பொருளும் உப்புப் படிகங்களும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பழங்கால ஆவணமாகின்றன. லோணார்ப் படிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 4600 முதல் 3900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் பருவமழை நெடுநாள் தளர்ந்திருந்ததை உணர்த்திற்று. வறட்சியில் விளையும் கெய்லுசைட் படிகங்களே அதற்குச் சான்றாயின.

2020 ஜூனில் ஏரிநீர் இளஞ்சிவப்பாக மாறியது. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களே காரணம் எனப் புனேயிலுள்ள அகார்க்கர் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. அதே ஆண்டில் லோணார், ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

பிற ஏரிகளுக்கு நன்னீர் வாழ்வு தரும். இவ்வேரிக்கோ மிகையான நன்னீரும் ஊர்க்கழிவும் கேடு விளைப்பன. காரத்தன்மை குன்றினால் அதனை நம்பி வாழும் உயிர்ச்சங்கிலி அறும். குலைந்த சேற்றிலிருந்து பழைய மழையின் வரலாற்றை மீண்டும் படிக்க இயலாது. ஆதலால், லோணாரைக் காப்பதென்பது அதன் உவர்ப்பையும் சேற்றையும் சேர்த்துக் காப்பதே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.